எந்த கேம்ல புதுசு நிக்காம வருது? (ஃபோரம் பேச்சு, 2025 நவம்பர்: தீபாவளிக்கு விட்ட சண்டையோட தொடர்ச்சி)

பாய்லர் தம்பி

தீபாவளிக்கு ஊருக்கு வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுங்கை சிப்புட் பஸ் ஸ்டேஷன் பக்கத்து மாடியில நம்ம சி.சி. (சைபர் கஃபே) இருந்துச்சே, அந்த இடத்துல இப்போ பல் கிளினிக். அதுக்கு எதிர்ல உக்காந்து தே தாரேக் குடிச்சிக்கிட்டே, ஆறு பேரும் மறுபடி ஒரே ஆன்லைன் கேம்ல சேரணும்னு பேசினோம். சேர்றதுன்னு அஞ்சு நிமிசத்துல முடிவாச்சு. எதுலன்னு கேட்டதும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் சண்டை. மாமாக் கடைக்காரர் எங்க மேசையைத் தவிர எல்லா மேசை மேலயும் நாற்காலியைக் கவிழ்த்து வச்சிட்டாரு.

அதனால இங்க வந்து கேக்குறேன். நம்ம நிலைமை இது. நான் செம்பனை மில்லுல பாய்லர், மூணு ஷிப்ட்டு மாறி மாறி வரும். ரெண்டு பேரு சிங்கப்பூர்ல வேலை, ஜோகூர்லேர்ந்து தினமும் பாலம் தாண்டுறவங்க. ஒருத்தி ஈப்போவுல நர்ஸ். ஒருத்தர் வாத்தியார். ஒருத்தர் லிந்தாங் பக்கம் தோட்டத்துலயே மண்டோர் (ஆளுங்களை மேற்பார்க்கிறவர்). வாரத்துக்கு ஒரு ராத்திரி, மூணு மணி நேரம். அதுக்கு மேல தேறாது. மாசம் 60, 70 வெள்ளி (ரிங்கிட்) சந்தா கட்ட எல்லாரும் ரெடி. ஆனா கட்டின காசுக்குப் புதுசா ஏதாவது இருக்கணும். காசைக் கட்டிட்டு, செய்ய ஒண்ணும் இல்லாம பட்டணத்து நடுவுல குதிரை மேல உக்காந்து கதை பேசுற பொழப்பு இனிமே வேணாம்.

எந்த கேம்ல புது கன்டென்ட் (புதுக் கதை, புது மேப், புதுச் சண்டை) நிக்காம வருது?

லயத்து ராஜா

இதுல கேக்க என்ன இருக்கு? வாவ்தான், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004 நவம்பர்ல வந்த கேம், 21 வருசமாகியும் மூச்சு நிக்கல.

கணக்கையே சொல்றேன். இப்போ ஓடுற எக்ஸ்பான்ஷன் (காசுக்கு விக்கிற பெரிய புதுப் பகுதி) வார் விதின் போன வருசம் ஆகஸ்ட் கடைசியில வந்துச்சு. அக்டோபர்ல ஒரு பேட்ச் (நடுவுல விடுற அப்டேட்), டிசம்பர்ல ஒண்ணு, பிப்ரவரி கடைசியில புது ரெய்டோட (பெரிய குழுவா சேர்ந்து அடிக்கிற சண்டை) பெரிய பேட்ச், ஏப்ரல்ல சின்னது, ஜூன்ல சின்னது, ஆகஸ்ட்ல மறுபடி பெரிசு, போன மாசம் இன்னொண்ணு. ஏறக்குறைய எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டுறான். அடுத்த வருசம் மிட்நைட். அதுக்கப்புறம் லாஸ்ட் டைட்டன். மூணு எக்ஸ்பான்ஷனையும் 2023-லயே ஒரே மேடையில அறிவிச்சிட்டாங்க.

காலையில நாலரைக்கு பாலத்துல நிக்கிறவன் நான். பஸ் வரிசையில பேட்ச் நோட்ஸ் படிச்சே பாதி பொழுது போகுது. அவ்வளவு எழுதுறாங்க.

மருந்துப்பெட்டி

ராஜா அண்ணே, உங்களுக்குத் தோதா போன வருசம் ஆகஸ்ட்லேர்ந்து எண்ண ஆரம்பிச்சீங்க. 2013 செப்டம்பர்லேர்ந்து எண்ணுங்களேன்.

வாவ்ல ஆர்கிரிமார் கோட்டை ரெய்டு வந்தது அப்போ. அடுத்த எக்ஸ்பான்ஷன் வந்தது 2014 நவம்பர். 14 மாசம் ஒரே கோட்டையை இடிச்சோம். நான் நர்சிங் சேர்ந்த புதுசுல உள்ள போனது, வெளிய வரும்போது எனக்கு ஊசி போடவே தெரிஞ்சிருச்சு. அந்தக் கோட்டைத் தலைவன் கார்ரோஷ் வாராவாரம் செத்துச் செத்து அவனுக்கே அலுத்துப் போயிருக்கும்.

அதுக்கப்புறம் டிரெய்னார் எக்ஸ்பான்ஷன். ஆரம்பத்துல 10 மில்லியன் பேரு. அடுத்த வருசம் நடுவுல 5.6 மில்லியன். அந்த வருசம் முடியறதுக்குள்ள சந்தாக் கணக்கை வெளிய சொல்றதையே நிறுத்திட்டாங்க. அந்தக் காலத்துக் கடைசி பெரிய பேட்ச் 2015 ஜூன், அடுத்த எக்ஸ்பான்ஷன் லீஜன் வந்தது 2016 ஆகஸ்ட். மறுபடி 14 மாசம். ரெண்டு தடவை பட்டினி போட்ட வீட்டுல இப்போ எட்டு வாரத்துக்கு ஒரு தடவை பசியாறக் கூப்பிடுறாங்கன்னா, நல்லதுதான், ஆனா நான் கையில ரொட்டி வச்சிக்கிட்டுத்தான் போவேன்.

எஃப்.எஃப்.14-ல (ஃபைனல் ஃபேன்டஸி 14) அந்தப் பயம் இல்ல. முன்னாடி மூன்றரை மாசத்துக்கு ஒரு பேட்ச், எண்ட்வாக்கர் எக்ஸ்பான்ஷன்லேர்ந்து நாலு மாசம். பேட்ச் நம்பர் 7.0 போன வருசம் ஜூலை, 7.1 நவம்பர், 7.2 இந்த வருசம் மார்ச் கடைசி, 7.3 ஆகஸ்ட், 7.4 அடுத்த மாசம். எப்போ வரும்ங்கறது மட்டும் இல்ல, என்ன வரும்னே தெரியும். ரெட்டைப்படை நம்பர்ல எட்டு பேர் ரெய்டு, ஒத்தைப்படை நம்பர்ல 24 பேர் ரெய்டு. எங்க வார்டு ராஸ்டர் (டூட்டி அட்டவணை) மாதிரி. எந்த வாரம் லீவு எடுக்கணும்னு மேட்ரன்கிட்ட முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடுவேன்.

லயத்து ராஜா

ராஸ்டர் மாதிரி இருக்கிறதுதான் தங்கச்சி பிரச்சனையே. வேலையில பார்க்கிற ராஸ்டர் பத்தாதா?

நாலு மாசத்துக்கு ஒரு கதைத் துண்டு. ரெண்டு சனிக்கிழமையில முடிஞ்சிடும். மீதி நாளெல்லாம்? அந்த கேமை நடத்துற யோஷிதாவே பேட்டியில சொல்றவரு: செய்ய ஒண்ணும் இல்லன்னா சந்தாவை நிறுத்திட்டு வேற கேம் ஆடுங்க, பேட்ச் வந்ததும் வாங்கன்னு. கடைக்காரரே பக்கத்துக் கடைக்குப் போன்னு சொல்றாரு.

சரின்னு போனா என்ன ஆகும்? அங்க ஒரு வீடு வாங்கி வச்சிருந்தா, 45 நாள் உள்ள கால் வைக்கலன்னா இடிச்சிருவாங்க. தோட்டத்துல வேலையை விட்டப்போகூட லயத்தைக் காலி பண்ண எங்க தாத்தாவுக்கு மூணு மாசம் கொடுத்தாங்க. வாவ்ல அடுத்த எக்ஸ்பான்ஷனோட வீடு வருது. அங்க மாதிரி குலுக்கல் இல்ல, இடிப்பும் இல்ல.

மருந்துப்பெட்டி

அதுக்குத்தான் நான் வீடே வாங்கல. அடுக்குமாடி அறையில இருக்கேன், அதை இடிக்க மாட்டாங்க. ஈப்போவுலயும் அப்படித்தான் இருக்கேன்.

கடைக்காரர் போகச் சொல்றது குறையா? பேட்ச் வந்த மாசம் மட்டும் கட்டினா, நாலு மாசத்துக்கு ஒரு மாசச் சந்தா. எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டுறவனுக்கு மாசாமாசம் கட்டணும். காசு யாருக்கு மிஞ்சுது?

குலைவெட்டி

ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. நான் வெட்டு மண்டோர், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

செம்பனைக் குலை வெட்டுல ரவுண்டுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு பிளாக்கை வெட்டிட்டு மறுபடி அதே பிளாக்குக்கு வர 10 நாள், ஆள் கம்மின்னா 14. முன்னாடியே வெட்டினா காய். மில்லுல எண்ணெய் தேறாது, பாய்லர் தம்பியோட மில்லுல கிரேடர் குலையை ஒதுக்கி வச்சிட்டு எனக்கு போன் அடிப்பாரு. தள்ளிப் போட்டா பழம் உதிர்ந்து தரையில கிடக்கும். அப்புறம் ஒவ்வொண்ணா குனிஞ்சு பொறுக்கணும். இந்த வருசம் ஒரு பிளாக் 20 நாளுக்கு மேல போயிருச்சு. உதிரிப் பழம் பொறுக்குற பாட்டி இன்னும் என்னைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்குது.

ஆர்கிரிமார் உதிரிப்பழக் கேசு. காய்க் கேசு எதுன்னு கேட்டா, என்னோட கில்ட் வார்ஸ் 2. என் கேமோட குறையை நானே சொல்லிடறேன், அப்புறம் யாரும் சொல்ல வேண்டியதில்ல.

2012 ஆகஸ்ட்ல வந்துச்சு. 2013-ல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை புதுக் கதை விட ஆரம்பிச்சாங்க. ரெண்டே வாரம்! ஆனா வந்தது கொஞ்ச நாள்ல காணாமப் போயிடும், அடுத்தது வந்து உக்காந்துக்கும். அந்தச் சமயம் எங்க அப்பாவுக்கு முடியல, நான் சில மாசம் உள்ளேயே போகல. திரும்பி வந்து பார்த்தா லயன்ஸ் ஆர்ச் பட்டணம் எரிஞ்சு கிடக்கு. கப்பல் மாதிரி கட்டின மார்க்கெட் இல்ல, பாலம் இல்ல, வழக்கமா நான் நின்னு சாமான் விக்கிற இடத்துல கரிக்கட்டை. யாரு எரிச்சது, எதுக்கு எரிச்சாங்க? பக்கத்துல நிக்கிறவனைக் கேட்டா, நீ இருந்திருக்கணும்னு சொல்றான். அந்தக் கதையை மறுபடி ஆடக் கொடுத்தது 2022-ல. ஊர் எரிஞ்ச காரணம் எட்டு வருசம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

வேகம்னு சும்மா சொல்லக் கூடாது. வந்தது தங்குதான்னு பார்க்கணும்.

இப்போ அவங்க 2023-லேர்ந்து வருசத்துக்கு ஒரு சின்ன எக்ஸ்பான்ஷன், அதைத் துண்டு துண்டா நடுவுல விடுறது. போன மாசம்கூட ஒண்ணு வந்துச்சு. சந்தா இல்ல, ஒரு தடவை வாங்கினா போதும். லெவல் 2012-லயும் 80, இன்னிக்கும் 80. பத்து வருசத்துக்கு முன்னாடி பாடுபட்டு தச்ச அசெண்டட் (உச்சத் தரம்) சட்டை இன்னிக்கும் செல்லும். வாவ்ல போன சீசன் சட்டையை இந்த சீசன்ல மாடு மேய்க்கக்கூட போட முடியாது.

லயத்து ராஜா

பிங் (சர்வருக்குப் போய் வர்ற நேரம்) எவ்வளவுண்ணே?

குலைவெட்டி

கேட்டுட்டியா. சர்வர் அமெரிக்காவுலயும் ஜெர்மனியிலயும்தான். எங்க தோட்டத்துலேர்ந்து 230 மில்லிசெகண்ட், மழை பெய்ஞ்சா 300. அது கேம் குத்தம் பாதி, எங்க லைன் குத்தம் பாதி. மெயின் ரோட்டுல கேபிள் வந்து அஞ்சு வருசமாச்சு, உள்ள ரெண்டு கிலோமீட்டர் இழுக்க ஆள் வரல. யாருன்னு சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் தெரியும்.

பிங்200

அங்கிள்ஸ், 14 மாசம், நாலு மாசம்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. கென்ஷின் இம்பாக்ட் கேம்ல 42 நாள். 2020 செப்டம்பர்ல வந்ததுலேர்ந்து ஆறு வாரத்துக்கு ஒரு வெர்ஷன். ஃப்ரீ. போன்லயே ஓடும். இதுல பேச என்ன இருக்குன்னே புரியல.

(எஸ்.பி.எம். பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கேன், நாளைக்கு பேப்பர் இல்ல, திட்டாதீங்க.)

மருந்துப்பெட்டி

தம்பி, கோ-ஆப்ல (சேர்ந்து ஆடுறதுல) எத்தனை பேரு சேரலாம்? நாலு. நாங்க ஆறு. எந்த ரெண்டு பேரை மாமாக் கடையிலயே விட்டுட்டு வர்றது?

அப்புறம் அந்த ரெசின், பரிசு வாங்கச் செலவழிக்கிற சக்தி. 200 வரைக்கும் நிரம்பும், எட்டு நிமிசத்துக்கு ஒண்ணு. 26 மணி 40 நிமிசத்துல நிரம்பிடும், அதுக்கு மேல வர்றது வீண். வாரத்துக்கு ஒரு ராத்திரி வர்ற ஆளுக்கு ஏழு நாள்ல ஆறு நாள் தண்ணி தொட்டிக்கு வெளிய ஊத்திக்கிட்டே இருக்கும். ஆறு வாரத்துக்கு ஒண்ணு வருது சரி, அதுல பாதி தேதி போட்ட திருவிழா. குலைவெட்டி அண்ணன் பட்டணம் எரிஞ்ச கதைதான். ஆனா படம் அழகு, அதை நான் மறுக்கல.

கணக்கு வாத்தியார்

தம்பி பிங்200, நாளை மறுநாள் என்ன பாடம் என்று எனக்குத் தெரியும். புத்தகத்தை எடு.

மற்றவர்களுக்கு: எல்லோரும் எவ்வளவு வேகமாகச் சமைக்கிறார்கள் என்றே பேசுகிறீர்கள். நம் வயிறு எவ்வளவு என்று ஒருவரும் பார்க்கவில்லை. வாரம் 3 மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம், ஆக 156 மணி நேரம். இதில் கல்யாணம், கருமாதி, தைப்பூசம், பாய்லர் தம்பியின் இரவுப் பணி, ஆண்டிறுதிக் கணக்கெடுப்பு எல்லாம் கழித்தால் 100 தேறினால் அதிகம். எஃப்.எஃப்.14-இல் இலவசமாகவே முதல் மூன்று பகுதிகள், லெவல் 70 வரை, கால வரம்பு இல்லாமல் கிடைக்கின்றன. அதன் முதன்மைக் கதையை மட்டும் ஓட்டினாலே நம்முடைய ஓர் ஆண்டுக்கான 100 மணி நேரம் போதாது. 2013-இல் வந்த கதையை நாம் 2026-இல் முடிப்போம். 7.4 அடுத்த மாதம் வந்தால் என்ன, அடுத்த ஆண்டு வந்தால் என்ன?

வாவும் அப்படித்தான். பழைய எக்ஸ்பான்ஷன்கள் சந்தாவிலேயே அடங்கிவிடும். இருபது ஆண்டுச் சரக்கு. எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு தட்டு அதன்மேல் வந்து விழுகிறது.

நான் ஆடுவது ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று உங்களுக்குத் தெரியும். 2007 ஆகஸ்ட் மாதத்துப் பிரதி ஒன்றை எடுத்து 2013-இல் திறந்தார்கள். புதிதாக எது வேண்டுமானாலும் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு. முன்பு 75 விழுக்காடு வேண்டும், 2022-இல் 70 ஆக்கினார்கள். ஒரு புதிய திறனைச் சேர்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுத் தோற்று, கடைசியில் கப்பலோட்டம் வென்று, இந்த மாதம் 19-ஆம் தேதிதான் வந்தது. 24-ஆவது திறன். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே ஒரு புதிய திறன்! ஆனாலும் அந்த ஆட்டத்தில் கூட்டம் குறையவில்லை. 0.6 விநாடிக்கு ஒரு துடிப்பில் ஓடும் ஆட்டம் என்பதால் குலைவெட்டியின் லைனிலும் தாங்கும்.

லயத்து ராஜா

வாத்தியாரே, 100 மணி நேரக் கணக்கு சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. பழைய கன்டென்ட்டை யாரோட ஆடுறது?

என் கேம் விசயத்துல உண்மையைச் சொல்லணும்னா, பழைய ரெய்டு செத்த ரெய்டு. மருந்துப்பெட்டி 14 மாசம் இடிச்ச கோட்டைக்கு இப்போ நான் ஒத்தை ஆளா போய், மீ கோரேங் வர்றதுக்குள்ள காலி பண்ணிட்டு வந்துடுவேன். கார்ரோஷ் ஒரு அடிக்குத் தாங்க மாட்டான். டைம்வாக்கிங்னு அப்பப்போ சில பழைய டஞ்சனை (சின்னக் குழுவா போய் அடிக்கிற இடம்) திறப்பாங்க, அவ்வளவுதான். இருபது வருசச் சரக்குன்னு நீங்க சொல்றது கடையா இல்ல, மியூசியமா இருக்கு. அதனாலதான் எங்களுக்கு எட்டு வாரத்துக்கு ஒண்ணு வந்தே ஆகணும். புதுசு ஒண்ணுலதான் ஜனம் இருக்கும்.

மருந்துப்பெட்டி

அண்ணே, இதை நீங்களே சொன்னதுக்கு ஒரு தே ஓ என் கணக்குல.

எஃப்.எஃப்.14-ல ரூலெட்னு ஒண்ணு இருக்கு. தினமும் ஒரு தடவை போனா நல்ல கூலி. ஆனா எந்த டஞ்சன் கிடைக்கும்னு தெரியாது. லெவல் 100-ல நிக்கிறவனைப் பிடிச்சு லெவல் 15 டஞ்சன்ல, லெவலைக் குறைச்சு, புதுசா வந்தவன் பக்கத்துல தள்ளிடும். நேத்து நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில எட்டு மணிக்கு சஸ்தாஷா குகையில எனக்கு ஒரு புது ஆள் கிடைச்சான். முதல் தடவை உள்ள வர்றான்னு ஸ்கிரீன்ல காட்டும். எந்த நிறப் பவளத்தைத் தொடணும்னு தெரியாம நின்னான், நாங்க மூணு பேரும் அவனே கண்டுபிடிக்கட்டும்னு சும்மா நின்னோம். தப்பானதைத் தொட்டான். எல்லாரும் சிரிச்சோம். 2013-ல வந்த குகை அது.

குலைவெட்டி

கில்ட் வார்ஸ் 2-லயும் அதேதான். சின்ன லெவல் மேப்புக்குப் போனா உன் லெவலும் இறங்கிடும். 2012-ல வந்த பூதத்தை அடிக்க இன்னும் நேரம் பார்த்து ஜனம் கூடுது. ஆறு பேரா, அறுபது பேரான்னு யாரும் எண்ணிக் கேக்க மாட்டான். வாவ் டஞ்சனுக்கு அஞ்சு பேரு, எஃப்.எஃப்.14-க்கு நாலு இல்ல எட்டு. ஆறுங்கறது ரொம்ப இடைஞ்சலான எண்ணு. காடியிலயும் அப்படித்தான், ஒருத்தன் எப்பவும் பின்னாடி சாமான் மேல உக்காரணும்.

வழிப்போக்கன்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். யாரும் நியூ வேர்ல்ட் கேம் பேரைச் சொல்லலியே. 2021 செப்டம்பர்ல ஸ்டீம்ல ஒரே நேரத்துல 9,13,000 பேருக்கு மேல உள்ள இருந்தாங்க. போன மாசம் இனிமே புது கன்டென்ட் கிடையாதுன்னு அறிவிச்சிட்டாங்க. நான் வாங்கினவன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனும் 2017-லேர்ந்து வருசா வருசம் ஜூன் வாக்குல ஒரு பெரிய சேப்டர்னு ஓட்டி, இந்த வருசம் அந்த வழக்கத்தை மாத்திட்டாங்க. எதையும் நம்பி வருசக் கணக்குல திட்டம் போடாதீங்க. அவ்வளவுதான், நான் கிளம்புறேன்.

நடுவர்

கேம் தங்கம் மலிவா விக்கிறோம்னு போன் நம்பரோட வந்த ரெண்டு பதிவை நீக்கியாச்சு. மூணாவது தடவை வந்தா ஆளையே நீக்குவோம். பேச்சைத் தொடருங்க.

பாய்லர் தம்பி

நைட் ஷிப்ட் பிரேக்ல இருக்கேன். எல்லாத்தையும் படிச்சேன். வேகம் வேகம்னு நான்தானே ஆரம்பிச்சேன், எனக்கே ஒரு விசயம் ஞாபகம் வந்துச்சு.

சி.சி.ல மேப்பிள் ஸ்டோரி ஆடினோமே. ஒரு மணிக்கு ரெண்டு வெள்ளி. ஸ்கூல் சட்டை மேல ஜெர்சி போட்டுக்கிட்டு. நம்ம தென்கிழக்காசியா சர்வருக்கு எதுவும் கொரியாவுல வந்து பல மாசம் கழிச்சுத்தான் வரும். அங்க புது ஜாப் வந்த அன்னிக்கே எவனாவது வீடியோ போடுவான், நாம அதை சி.சி. தவ்கே (முதலாளி) கம்ப்யூட்டர்ல சுத்தி நின்னு பார்ப்போம். லெவல் 70-ல என்ன அடி, 120-ல என்ன அடின்னு கையில இல்லாத ஸ்கில்லுக்கு நோட்டுல கணக்கு எழுதி வச்சிருந்தோம். வாத்தியார்தான் எழுதினது, அப்பவே. ப்ரீபெய்ட் கார்டை 20 காசுல சுரண்டி, நம்பர் பாதி கிழிஞ்சு போய், 3-ஆ 8-ஆன்னு ஆறு பேரும் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தது ஞாபகம் இருக்கா? மெதுவா வந்துச்சுன்னு அப்போ திட்டினோம். ஆனா அந்தக் காத்திருந்த மாசமெல்லாம்தான் எனக்கு இப்போ ஞாபகம் இருக்கு.

அப்புறம் அந்த ரக்னராக் கேமோட பிரைவேட் சர்வர். யாரோ ஒருத்தன் வீட்டுல ஓட்டினது. அனுபவம் 50 மடங்கு, எல்லா மேப்பும் முதல் நாள்லயே திறந்து விட்டுட்டான். ஒரிஜினல்ல லெவல் 99-ஐத் தொட மாசக்கணக்குல பால் மரம் சீவுற மாதிரி சீவணும். இங்க அஞ்சாவது நாள் நாம எல்லாரும் 99. ஏழாவது நாள் ப்ரொந்தேரா பட்டணத்து நடுவுல உக்காந்துட்டோம். ரெண்டாவது மாசம் யாரும் இல்ல. அப்புறம் ஒரு நாள் சைட்டே இல்ல, ராஜா 'டொனேஷன்'னு கட்டின 50 வெள்ளியும் இல்ல. அதைவிட வேகமா கன்டென்ட் கொடுத்த கேமை நான் பார்த்ததில்ல.

லயத்து ராஜா

அந்த 50 வெள்ளியை இன்னும் பேசுறீங்களேடா.

மருந்துப்பெட்டி

பேசுவோம். என் பங்கும் அதுல 10 வெள்ளி.

சரி, முடிவுக்கு வருவோம். எல்லாரும் எஃப்.எஃப்.14 ஃப்ரீ ட்ரையல்ல ஏறுங்க, காசு இல்ல. சில விசயம் முன்னாடியே சொல்லிடறேன். ட்ரையல்ல இருக்கிறவங்க கில்ட்ல (ஆட்டக்காரங்க சங்கம்) சேர முடியாது, மார்க்கெட் போர்டு கிடையாது, கையில 3,00,000 கில்லுக்கு (கேம் காசு) மேல தங்காது. நீங்களா பார்ட்டி ஆரம்பிக்க முடியாது, என்கிட்ட முழு அக்கவுண்ட் இருக்கு, நான் கூப்பிட்டா வரலாம். ஒரு தடவை காசு கட்டி மாறிட்டா மறுபடி ட்ரையலுக்குத் திரும்ப முடியாது, அவசரப்பட்டு யாரும் கட்டாதீங்க. சர்வர் ஜப்பான் பக்கம் டோன்பெரி, அங்க நம்ம பக்கத்து ஆளுங்க நிறைய. ஈப்போவுலேர்ந்து எனக்கு 90 சொச்சம் பிங்.

ஆறு பேருன்னா மூணும் மூணுமா பிரிஞ்சு, ஆளுக்கொரு வெளியாளைச் சேர்த்துக்குவோம். எட்டு பேர் சண்டைக்கு ரெண்டு பேரை ரூலெட் கொடுக்கும்.

லயத்து ராஜா

ஒரு மாசம். மார்கழி பிறக்கிற வரைக்கும் வர்றேன். மிட்நைட் வந்ததும் நான் போயிடுவேன், அதை இப்பவே எழுதி வச்சிக்கோங்க.

கணக்கு வாத்தியார்

சனிக்கிழமை இரவு 9 மணி.

குலைவெட்டி

சனி முடியாது வாத்தியாரே, பழம் இன்னும் குறையல, ஞாயித்துக்கிழமையும் ஓ.டி. வெட்டு இருக்கும் போல. வெள்ளி ராத்திரி?

பாய்லர் தம்பி

நீங்க வெட்டுறது எங்க மில்லுக்குத்தானே வருது. நீங்க ஓ.டி.ன்னா நானும் ஓ.டி. வெள்ளி.

பாய்லர் தம்பி (ஒரு வாரம் கழிச்சு)

வெள்ளி ராத்திரி நடந்ததைப் பதிவு பண்ணிடறேன். குலைவெட்டி அண்ணன் லைன்ல டவுன்லோடு வியாழக்கிழமை ஆரம்பிச்சது வெள்ளி ராத்திரி 11 மணிக்கு 38 சதவீதம். அவரு போன்ல மட்டும் கலந்துக்கிட்டாரு. சிங்கப்பூர் ரெண்டாவது ஆளு பாலத்துல மாட்டிக்கிட்டான்.

மீதி நாலு பேரும் 9 மணிக்கு டாண்ணு உள்ள வந்தோம். நான் ஈட்டிக்காரன் எடுத்தேன், காட்டுப் பட்டணத்துல இறங்கினேன். ராஜா கோடாரி எடுத்தான், அவனைத் துறைமுகத்துல இறக்கி விட்டுடுச்சு. வாத்தியார் நெருப்பு மந்திரவாதி, பாலைவனத்துல. எந்த ஆயுதம் எடுக்கிறோமோ அதுக்குத் தகுந்த ஊர்லதான் ஆரம்பிக்குமாம். கதை கொஞ்சம் ஓடி ஆகாயக் கப்பல் கொடுக்கிற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் சுலபமா பார்க்க முடியாது. மருந்துப்பெட்டி இதை மட்டும் சொல்லல. மூணு பேரு மூணு பட்டணத்துல நின்னுக்கிட்டு, போன்ல கத்திக்கிட்டு, எலி அடிச்சோம். மூணு மணி நேரம்.

வாத்தியார் ஒவ்வொரு ஆள் சொல்றதையும் முழுசா படிச்சாரு. லெவல் 6.

அடுத்த வெள்ளி எனக்கு நைட் ஷிப்ட். அதுக்கு அடுத்த வெள்ளி.

மருந்துப்பெட்டி

சொன்னா நீங்களெல்லாம் ஒரே ஆயுதம் எடுத்திருப்பீங்க. மூணு ஈட்டிக்காரனுக்கு நான் ஒருத்தி கட்டு போட முடியாது.

லயத்து ராஜா

துறைமுகம் நல்லாத்தான் இருக்கு, பரவாயில்ல. காத்து சத்தம் கேக்குது. நடந்து நடந்து கால்தான் வலிக்குது. குதிரை எப்போ கொடுப்பாங்க?

மருந்துப்பெட்டி

லெவல் 20 ஆகணும் அண்ணே. குதிரை இல்ல, கோழி. கொஞ்சம் பெரிய கோழி.